கீழே இறங்கி வந்த விதானம்: சிஸ்டைன் ஓவிய நகல் கண்காட்சிக்குச் செட்டிநாட்டிலிருந்து செல்பவர்களுக்கு

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து விதான ஓவியங்களை, குறிப்பாக வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேலாஞ்சலோ தீட்டியவற்றை, நுணுக்கமாகப் படம்பிடித்துப் பெரிய அளவில் அச்சிட்டு ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டும் கண்காட்சிகள் சில ஆண்டுகளாக உலகின் பல நகரங்களில் நடந்து வருகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ, நம் வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலோ துபாயிலோ அப்படியொன்று நடக்கும்போது, காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து செல்பவர் அதை எப்படிப் பார்த்தால் முழுப் பயனும் கிட்டும் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். நான் முதன்முறை சென்றபோது வண்ணங்களில் மயங்கி, ஒவ்வொரு படத்தின் முன்னும் ஒரு நிமிடம் நின்று, முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அழகான படங்களைப் பார்த்த நிறைவு இருந்தது. ஒரு கூரையைப் பார்த்த உணர்வு மட்டும் இல்லை. இரண்டாம் முறை சென்றபோதுதான் காரணம் விளங்கியது. இத்தகைய கண்காட்சி, அண்ணாந்து பார்க்க வேண்டியதை நம் கண்ணெதிரே இறக்கி வைத்துவிடுகிறது. அதை மீண்டும் மேலே ஏற்றி வைக்கும் வேலை பார்ப்பவருடையது. அந்த வேலையைச் செய்யும் முறைகளே இங்கு நான் சொல்லப்போகிறவை.

அதற்கு முன் ஒன்று. நகல்தானே என்று ஒதுக்க நினைப்பவர்கள், தங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்துச் சுவரை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். அங்கே வரிசையாகத் தொங்கும் லட்சுமியும் சரஸ்வதியும் பெரும்பாலும் இரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்களைக் கல்லச்சில் எடுத்த படிகளே. அவர் 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவியதால்தான் அரண்மனைகளுக்குள் இருந்த ஓவியங்கள் நம் வளவுகளுக்குள் வந்தன. மூலம் வேறு, படி வேறு என்று தெரிந்தே அவற்றுக்குப் பூச்சூட்டி மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் நாம். படியிலிருந்து பெறத் தக்கது எது, பெற முடியாதது எது என்று பிரித்தறியும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே வீட்டில் செய்துகொள்ள வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. சிஸ்டைன் சிற்றாலயம் ஏறத்தாழ 41 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே கூடம். அதன் கூரை தரையிலிருந்து சுமார் 20.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 68 அடி என்றால், ஓங்கி வளர்ந்த ஒரு நெட்டைத் தென்னையின் குருத்து இருக்கும் உயரம். தோட்டத்தில் அத்தகைய தென்னை ஒன்றன் அடியில் நின்று குருத்தைப் பாருங்கள். அந்தத் தொலைவிலிருந்துதான் ரோமில் நிற்பவர் ஆதாமின் விரலைத் தேடுகிறார். ஆதாம் படைக்கப்படும் காட்சி ஏறத்தாழ 5.7 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் உயரமும் உடையது. அவ்வளவு பெரிய ஓவியம் அந்த உயரத்தில் இருக்கும்போது நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 2 அடி அகலமுள்ள சட்டம் போட்ட படத்தை ஆறரை அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமமாக வருகிறது. அதாவது, நம் பட்டாலைச் சுவரில் தொங்கும் படங்களில் சற்றுப் பெரியதொன்றை எதிர்த் தூணருகே நின்று பார்க்கும் அளவுதான். கண்காட்சியில் சுவரளவு பெரிதாக நிற்கப்போகும் ஓவியம் அதன் சொந்த இடத்தில் அவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டுச் செல்பவர், அங்கு போய்த் திகைத்து நின்றுவிட மாட்டார்.

கதைகளையும் படித்துவிட்டுச் செல்வது நல்லது. கூரையின் நடுவரிசையில் ஒன்பது காட்சிகள் உள்ளன. அனைத்தும் விவிலியத்தின் தொடக்க நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒளியையும் இருளையும் பிரித்தல், சூரியனையும் சந்திரனையும் செடிகொடிகளையும் படைத்தல், நிலத்தையும் நீரையும் பிரித்தல் என முதல் மூன்று. ஆதாமைப் படைத்தல், ஏவாளைப் படைத்தல், இருவரும் கனியுண்டு விரட்டப்படுதல் என அடுத்த மூன்று. நோவாவின் பலி, பெருவெள்ளம், நோவா மது மயக்கத்தில் கிடத்தல் என இறுதி மூன்று. பெருவெள்ளத்துக்குப் பிறகு நடந்த பலி அதற்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, கண்காட்சி நடத்துபவர்கள் படங்களை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கூரையிலேயே வரிசை அப்படித்தான் இருக்கிறது. சிறு கட்டமும் பெருங்கட்டமும் மாறி மாறி வரும் அந்த அமைப்பில், வெள்ளக் காட்சிக்குப் பெருங்கட்டம் தேவைப்பட்டிருக்கும். நடுவரிசையைச் சுற்றி ஏழு தீர்க்கதரிசிகளும், சிபில்கள் எனப்படும் குறிசொல்லும் மகளிர் ஐவரும் மாபெரும் உருவங்களாக அமர்ந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் விவிலியம் நன்கு தெரிந்த கிறித்தவ நண்பர் இருந்தால், ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து இக்கதைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்; விளக்கப் பலகைகளைப் படிப்பதில் செலவாகும் நேரம் படங்களைப் பார்ப்பதற்கு மிஞ்சும்.

கதையைவிடவும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது சுண்ணாம்பு. செட்டிநாட்டில் பிறந்தவருக்கு இந்த ஓவியங்களை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால், அது நம் வீட்டுச் சுவர்களால் கிடைத்த வாய்ப்பு. நீற்றிய சுண்ணாம்பை அரைத்து, பல பூச்சுகளாக ஏற்றி, கடைசியில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கிய சுவர்கள் அவை. அந்த வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரைக் கேட்டால், பூச்சு ஈரமாக இருக்கும் பொழுதுக்குள் முடிக்க வேண்டிய வேலையை எப்படி அளந்து எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்குவார். மைக்கேலாஞ்சலோவின் சிக்கலும் அதுவே. ஈரமான சுண்ணாம்புச் சாந்தின் மேல் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், சாந்து காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லைப் போன்ற மெல்லிய தோலாக இறுகி, வண்ணத்தைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த பிறகு தீட்டினால் அந்தப் பிடிப்பு இல்லை. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே அன்றன்று சாந்து பூசப்பட்டது. ஆதாம் படைக்கப்படும் காட்சியில் அத்தகைய நாட்பூச்சுகள் 16 என்று எண்ணியிருக்கிறார்கள். ஒளியையும் இருளையும் பிரிக்கும் காட்சியில் இறைவனின் உருவம் ஒரே நாளில் முடிக்கப்பட்டிருக்கிறது. வேலையின் தொடக்கத்தில் சாந்தில் நீர் மிகுந்து வெள்ளக் காட்சியில் பூஞ்சணம் பூத்துவிட்டதாகவும், மைக்கேலாஞ்சலோ மனமுடைந்து வேலையை விட்டுவிட எண்ணியதாகவும் அவர் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புதுச் சுண்ணாம்பும் ஈரக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஐப்பசி மழையில் சுவர் பூசிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் நடக்கும் கண்காட்சி என்றால், விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பும் பல்லவன் விரைவு வண்டி நண்பகல் வாக்கில் எழும்பூரைச் சேர்ந்தாலும், அன்று பிற்பகலே அதில் திரும்பிவிட வேண்டும் என்று திட்டமிடாதீர்கள். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கத் தக்கதன்று இது. இரவு வண்டியில் சென்று, காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வார நாளில் முதல் நுழைவு நேரத்துக்குச் சீட்டு எடுத்துக்கொள்வதே சிறந்தது. சீட்டை நடத்துபவர்களின் சொந்தத் தளத்தில் முன்பதிவு செய்யுங்கள். குளிரூட்டிய கூடங்களில் இரண்டு மணி நேரம் இருக்க நேரும் என்பதால் முதியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள்.

உள்ளே நுழைந்தவுடன் முதல் படத்துக்கு ஓடக் கூடாது. கூடத்தின் நடுவில் நின்றோ உட்கார்ந்தோ, படங்கள் எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சில இடங்களில் கண் மட்டத்தில் பலகைகளாக நிறுத்துவார்கள். சில இடங்களில் சிலவற்றைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். பிறகு ஆதாம் படைக்கப்படும் காட்சியின் அச்சைத் தேடிப்பிடித்து, அதன் அகலத்தைக் காலடியால் அளந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 19 அடி இருந்தால் அது மூலத்தின் முழு அளவு; 9 அல்லது 10 அடி என்றால் பாதி. எந்த அளவாக இருந்தாலும், அதன் அகலத்தைப் போல மூன்றேகால் மடங்கு தூரம் பின்னே சென்று நின்றால், ரோமில் தரையில் நிற்பவரின் கண்ணுக்கு அந்த ஓவியம் எந்த அளவில் தெரியுமோ அதே அளவில் உங்களுக்கும் தெரியும். முழு அளவுப் படத்துக்கு 60 அடிக்கு மேல் பின்வாங்க வேண்டும். எல்லாக் கூடமும் அதற்கு இடம் கொடுக்காது. கூடத்தின் கடைசிச் சுவர்வரை சென்றாவது பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போது, இறைவனின் விரலுக்கும் ஆதாமின் விரலுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளி மட்டும் தெளிவாகத் தெரிவதையும், அருகில் நின்றபோது கவனத்தை இழுத்த தசைகளும் மடிப்புகளும் பின்னுக்குச் சென்றுவிடுவதையும் காண்பீர்கள். தொலைவுக்காகவே அந்த இடைவெளி வெற்று வானத்தின் நடுவே விடப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்து, கண்காட்சி முழுவதையும் இருமுறை சுற்றி வாருங்கள். முதல் சுற்று கதையின் வரிசையில், படைப்பிலிருந்து நோவாவரை. இரண்டாம் சுற்று ஓவியரின் வரிசையில், அதாவது நோவாவிலிருந்து படைப்பை நோக்கி. மைக்கேலாஞ்சலோ 1508ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கியபோது பீடத்துக்கு எதிரே உள்ள வாயில் பக்கத்திலிருந்து, கதையின் முடிவிலிருந்து, தீட்டிக்கொண்டு வந்தார். வெள்ளக் காட்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அருகில் உயிரோட்டமாக இருக்கும் அவை தரையிலிருந்து பார்க்கும்போது எறும்புக் கூட்டமாகச் சுருங்கிவிடும். பாதி வேலை முடிந்த நிலையில் இடைவெளி விழுந்து, 1511ஆம் ஆண்டில் சாரம் பிரிக்கப்பட்டபோது, தான் தீட்டியதைக் கீழிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அதற்குப் பிந்தைய காட்சிகளில் உருவங்களின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றும் பெரிதாகி, பின்புலம் வெறுமையாகிக்கொண்டே போகிறது. கடைசியாகத் தீட்டிய காட்சியில் இறைவன் ஒருவரே மேகத்துக்குள் சுழன்றுகொண்டிருக்கிறார். இரண்டாம் சுற்றில் இந்த மாற்றத்தைக் காலடி காலடியாகப் பின்தொடரலாம். நான்கு ஆண்டுகளில் ஒரு மனிதர் தன் தவற்றைத் தானே கண்டு திருத்திக்கொண்ட வரலாறு அது. இந்தக் கண்காட்சியில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான். அவர் மல்லாந்து படுத்துத் தீட்டினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நின்றுகொண்டு, தலையைப் பின்னே சாய்த்து, தாடி வானத்தைப் பார்க்க, முகத்தில் வண்ணம் சொட்டச் சொட்டத் தீட்டியதாக அவரே ஒரு கவிதையில் எழுதி, ஓரத்தில் அந்தக் கோலத்தைப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்.

நகலுக்கே உரிய ஒரு சிறப்பு அருகாமை. ரோமில் எவ்வளவு செலவு செய்து சென்றாலும், கூட்டத்துக்கு நடுவே, படமெடுக்க அனுமதியில்லாமல், 68 அடிக்குக் கீழேதான் நிற்க முடியும். இங்கோ ஒரு முழத் தொலைவில் நிற்கலாம். அந்த வாய்ப்பை முகங்களைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தாமல், சாந்தைப் பார்ப்பதற்கும் பயன்படுத்துங்கள். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் இடத்தில் மெல்லிய விளிம்பு தெரியும். அது பெரும்பாலும் உருவத்தின் ஓரத்தை ஒட்டியே செல்லும். மாதிரித் தாளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டி வரைகோட்டைச் சுவருக்கு மாற்றிய புள்ளிகள் சில இடங்களில் இருக்கும். பிற்பகுதியில் அவர் தாளின் மேலேயே கூர்முனையால் அழுத்திக் கீறிய பள்ளங்கள் இருக்கும். வெள்ளக் காட்சியின் வானத்தில் ஓரிடம் வெறுமையாக இருப்பது அச்சுப் பிழையன்று. 1797ஆம் ஆண்டில் அருகிலிருந்த சாந்த் ஆஞ்செலோ கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது சாந்து உதிர்ந்த இடம் அது. ஓரங்களில் அமர்ந்திருக்கும் 20 இளைஞர் உருவங்களில் ஒன்றும் அப்போதே பெரும்பாலும் அழிந்தது. அந்த இளைஞர்கள் தாங்கும் மாலைகளில் கருவாலி (ஓக்) மரத்தின் கொட்டைகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. பணம் கொடுத்து ஓவியத்தைத் தீட்டச் செய்த போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸின் குடும்பப் பெயர் கருவாலி மரத்தைக் குறிப்பது. வீடு கட்டியவரின் விலாச எழுத்துகளை, அதாவது குடும்பத்தாரின் பெயர் முதலெழுத்துகளை, முகப்பில் பொறித்து வைக்கும் ஊரிலிருந்து செல்பவருக்கு இது உடனே விளங்கும்.

வண்ணங்களைப் பற்றியும் ஒரு சொல். கூரை 1980களில் துப்புரவு செய்யப்பட்டது. அதற்கு முன் மெழுகுதிரிப் புகையும் பழைய பசைப்பூச்சும் படிந்து பழுப்பேறியிருந்தது. உங்கள் முன்னே இருக்கும் அச்சு எலுமிச்சை மஞ்சளும் இளம்பச்சையும் செம்பவளமுமாக ஒளிர்ந்தால், அது துப்புரவுக்குப் பிந்தைய படம். காய்ந்த சாந்தின் மேல் ஓவியர் பின்னர் சேர்த்த நிழல்களும் அழுக்கோடு போய்விட்டன என்று வருந்துபவர்கள் அறிஞர்களிலேயே இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் முழுதாக இல்லை; ஆனால் அச்சு இயந்திரம் நிறத்தைத் தன் போக்கில் கூட்டிக் குறைக்கும் என்பதால், நிறத்தைப் பற்றிய முடிவை நகலைப் பார்த்து எடுக்காமல் இருப்பதே நேர்மை.

நகலால் ஒருபோதும் தர இயலாததும் ஒன்று உண்டு. சிஸ்டைன் கூரை தட்டையானதன்று; இரு பக்கமும் வளைந்து இறங்கி, சன்னல்களுக்கு இடையே கூர்ந்து சுவரில் முடியும் வளைவுக் கூரை. பீடத்துக்கு மேலே இருக்கும் தீர்க்கதரிசி யோனாவின் உருவத்தைத் தேடிப் பாருங்கள். பின்னோக்கிச் சாய்ந்து, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். உண்மையில் அவர் தீட்டப்பட்டிருக்கும் பரப்பு பார்ப்பவரை நோக்கி முன்னே வளைந்து வருகிறது. முன்னே வரும் சுவரில் பின்னே சாயும் உடலைத் தீட்டிக் கண்ணை நம்ப வைத்ததே அந்த ஓவியத்தின் பெரும் வித்தை, அக்காலத்தவர் வியந்து எழுதியதும் அதைத்தான். தட்டைத் துணியில் அச்சான யோனா சாய்ந்து உட்கார்ந்த மனிதராக மட்டும் இருப்பார். கையில் இருக்கும் துண்டறிக்கையை எடுத்து மேல்பகுதி உங்களை நோக்கி வரும்படி வளைத்துப் பிடித்து, அதன் மேல் அந்த உருவத்தைக் கற்பனை செய்யுங்கள். குழந்தைகள் இதை நம்மைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் செல்பவர்கள் மற்றொன்றை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. இந்த ஓவியங்களில் ஆடையற்ற உடல்கள் நிறைய உள்ளன. திடீரென்று எதிர்ப்படும்போது ஆச்சிமார்களுக்குச் சங்கடமும் பிள்ளைகளுக்குக் கூச்சமும் வரும். மனித உடலே படைப்பின் பெருமை என்று எண்ணிய காலத்துக் கோயிலோவியம் இது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் எழாது. எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒருவர், முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், லிபியச் சிபிலின் முன் வந்ததும் நின்றுவிட்டார். "தோளைத் திருப்பிக்கிட்டு அந்தப் பெரிய புத்தகத்தை எடுக்குறா பாரு, அட்டத்திலிருந்து பாத்திரம் இறக்குற மாதிரியே இருக்கு" என்றார். அந்த உருவத்தின் முறுக்கைப் பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு துல்லியமாக இல்லை. கழுத்து வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் தலைக்கு மேலுள்ள படங்களை நின்றபடி அண்ணாந்து பார்க்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு கைக்கண்ணாடியை வைத்து அதில் பார்க்கலாம். கண்ணாடியில் இடம் வலமாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆதாம் இடப்பக்கத்தில் இருப்பதே சரி.

ஒலிவழி விளக்கக் கருவி கொடுத்தால் முதல் சுற்றுக்குப் போதும். இரண்டாம் சுற்றில் கழற்றிவிடுங்கள். அச்சில் விளக்கொளி பட்டுத் தெறித்தால் இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். நான் சென்ற ஓரிடத்தில் தீர்க்கதரிசிகளைப் பெயர்ப்பலகை மாற்றி நிறுத்தியிருந்தார்கள், சொன்னவுடன் திருத்தினார்கள். உருவத்தின் அடியில் பெயர் ஓவியத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் நீங்களும் சரிபார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் படமெடுப்பதை இரண்டாம் சுற்றின் முடிவுக்கு ஒத்திவையுங்கள்.

வீடு திரும்பிய பத்து நாளுக்குள், மனத்தில் படங்கள் மங்குவதற்கு முன், புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் சித்தன்னவாசலுக்குச் சென்று வாருங்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்ற சமணர் புதுப்பித்த குடைவரை அது. அதன் முன்மண்டப விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே விதானம் மிகத் தாழ்வானது. 68 அடியுமில்லை, நகலுமில்லை. பெரும்பகுதி சிதைந்துவிட்டதால் முதலில் எதுவும் புலப்படாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். பூச்சின் விளிம்பு எங்கே உடைந்திருக்கிறது, கோடு முதலில் வந்ததா வண்ணம் முதலில் வந்ததா என்று கண்காட்சியில் பழகிய முறையிலேயே தேடுங்கள். முதலில் தாமரை இலையின் வளைவு தெரியும், பிறகு மீன்கள், வாத்துகள், நீரில் இறங்கிய யானை, கடைசியாக, பறித்த பூக்களைத் தண்டோடு ஏந்தி நடுக்குளத்தில் நிற்கும் மனிதர்.